முத்துமாரி கேம்ப்பின் உயர்தெளிவுக் காணொளி

ஓர் ஏழை உண்மையிலேயே ஏழைதானா என்ற கேள்விக்கு மனிதகுலம் இதுவரை சரியான விடை கண்டதில்லை. மன்னர்கள் மாறுவேடம் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைக்காரன் தலையை எண்ணிப் பார்த்தான். குடியரசு ரேஷன் கார்டு கொடுத்துப் பார்த்தது. எதுவும் நிற்கவில்லை. கடைசியில் அந்த விடை டெல்லியில், லோதி ரோடு பக்கம் உள்ள ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில், ஒரு திங்கட்கிழமை தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பு கண்டுபிடிக்கப்பட்டது என்பதை அனைவருக்கும் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறோம். விடை: வீடியோ. அதுவும் கல்யாண வீட்டில் எடுப்பது போன்ற வீடியோ அல்ல. உயர்தர, உயர்தெளிவு வீடியோ.

கண்டுபிடித்தது குடிசைவாழ் மக்கள் மறுவாழ்வுச் சரிபார்ப்பு இயக்ககம். நாலா எனப்படும் சாக்கடைக் கால்வாய்களின் கரைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் இருக்கும் குடிசைகளை அகற்றும்போது, அங்கே உண்மையாகவே வசித்தவர்களுக்கு ஊர்க்கோடியில் மாற்று வீடு கொடுப்பது அதன் வேலை. இன்னும் துல்லியமாகச் சொன்னால், கொடுக்காமல் இருப்பதற்குத் தகுந்த காரணம் தேடுவது அதன் வேலை. முன்பெல்லாம் அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள். செருப்பில் சேறு ஒட்டியது. இனிமேல் சேறு வீடியோவில் வந்தால் போதும் என்று முடிவாயிற்று. அந்த வீடியோக்களைப் பார்ப்பதற்காக, ஒரு முழுச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் ராட்சதத் திரை ஒன்று வாங்கப்பட்டது. திரையிலும் அதன் திறப்பு விழாவிலும் போர்த்திய சால்வைகளிலும் அந்த ஆண்டின் ஒதுக்கீடு முழுக்கக் கரைந்து போனதால், படம் எடுக்கக் கேமரா வாங்க வழியில்லாமல் போயிற்று. இயக்குநர் சதுர்வேதி அசரவில்லை. "பார்ப்பது அரசாங்கத்தின் கடமை. காட்டுவது குடிமகனின் கடமை" என்று கோப்பில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

அந்த இரண்டு கோட்டுக்கும் அடியில் வந்து மாட்டிக்கொண்டவள் வீராயி.

வீராயி கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாக டெல்லிக்கு வந்தவள். அன்றைக்கு இறங்கியது முத்துமாரி கேம்ப்பில். இன்றைக்கும் அங்கேதான். நாலாவின் கரையில் ஒரு மாரியம்மன் மேடை, அதன் பின்னால் ஒரே ஒரு சந்து, சந்தின் இருபுறமும் ஐம்பது குடிசை. அவ்வளவுதான் கேம்ப். புருஷன் சுப்பு கட்டட வேலைக்குப் போகிறவன். நல்ல சேதி எதையும் நம்பாதவன். மகள் மஞ்சு பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வீராயி வேலைக்குப் போகும் கிட்வாய் நகர் வீடுகளும் நடக்கிற தூரம். அவள் வாழ்க்கை மொத்தமும் நடக்கிற தூரத்துக்குள் இருந்தது.

சுற்றறிக்கை ஒட்டப்பட்ட அன்றே மஞ்சள் நிறத்தில் ஒரு புல்டோசரும் வந்து மாரியம்மன் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. அதை ஓட்டி வந்தவன் ஹரியானாக்காரன், மரியாதையான ஆள். ஆர்டர் வரும்வரை சும்மா நிற்க வேண்டும் என்று சொல்லி, தன் செல்போனைச் சார்ஜ் போட வீராயியின் வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சுற்றறிக்கையில் இருந்த விஷயம் இதுதான். குறைந்த செலவில் உயர்தர, உயர்தெளிவுக் காணொளி எடுக்கும் வழியைக் குடும்பங்கள் தாமே தெரிவு செய்து, வீட்டைப் படம் பிடித்து, மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். காணொளி ஏற்கப்பட்டால் மாற்று வீடு. ஏற்கப்படாத குடும்பம் 'வசிக்காத குடும்பம்' என்று கருதப்படும்.

"அப்ப நாம இத்தினி வருசமா எங்க இருந்தோமாம்?" என்று கேட்டான் சுப்பு.

வீராயி மஞ்சுவை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

மக்களுக்கு வழி காட்டுவதற்காக இயக்ககம் தன் அரங்கத்தில் பயிற்சி முகாம் நடத்தியது. வீராயி இரண்டு வீட்டில் லீவு சொல்லிவிட்டுப் போனாள். மேடையில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அணையாத பேச்சு. சதுர்வேதி முதலில் பேசினார். நாடு தெளிவை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகவும், இதுவரை மங்கலான படங்களைக் காட்டி ஏழைகள் தப்பித்துக்கொண்டிருந்ததாகவும், இனி அது நடக்காது என்றும் சொன்னார். முன் வரிசையில் இருந்த ஏழைகள் கை தட்டினார்கள். தட்டச் சொல்லித்தான் முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

அடுத்து வந்த காணொளி வல்லுநர் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தார். ஏழைக்குப் பெரிய கேமரா தேவையே இல்லை, அதுதான் அவனுக்கு வாய்த்த பாக்கியம் என்று ஆரம்பித்தார். கையில் இருக்கும் போனே போதும். பின்பக்கக் கேமராவில் எடுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். போனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். கை நடுங்காமல் இருக்கத் தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனை வையுங்கள். காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக வரும்போது, பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று எடுங்கள். செலவு ஒரு பைசா கிடையாது.

வீராயி எழுந்து நின்றாள். வீடு மொத்தமே பத்தடி கிடையாது என்று இந்தியில் சொன்னாள்.

வல்லுநர் யோசித்தார். அப்படியானால் பின்னால் போங்கள் என்றார்.

பின்னால் நாலா இருக்கிறது என்றாள் வீராயி.

நல்லது, பின்னணியில் நீர்நிலை இருந்தால் படத்துக்கு ஆழம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வல்லுநர் அடுத்த கேள்விக்குப் போனார். அடுத்த கேள்வி சமோசா எப்போது வரும் என்பதாக இருந்தது. அதற்கு அவரிடம் சரியான விடை இருந்தது.

முதல் வீடியோவைச் சுப்பு எடுத்தான். எதிர்க்குடிசைச் சாந்தகுமாரியின் அடுப்பங்கரையில் ஒண்டி நின்றுகொண்டு, வீராயியின் கீறல் விழுந்த போனில், மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தான். தடித்த புத்தகம் என்று மஞ்சுவின் வேதியியல் மட்டும் இருந்தது. சந்துக்கு மேலே இந்தக் கூரையும் அந்தக் கூரையும் முட்டிக்கொண்டு நிற்பதால் அங்கே நடுப்பகலிலும் பல்பு எரியும். வீராயி தினம் வேலைக்குப் போகும் புடவையிலேயே வாசலில் நின்றாள். மறுநாள் போனுக்குச் செய்தி வந்தது. நிராகரிக்கப்பட்டது. காரணம்: போதிய வெளிச்சம் இல்லை.

இரண்டாம் தடவை அக்கம்பக்கத்துப் பல்புகளையெல்லாம் கழற்றி வந்து மாட்டினார்கள். வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு பெரிய அலுமினியத் தட்டை மஞ்சு பிடித்துக்கொள்ள, சாந்தகுமாரி போனில் எடுத்தாள். வீடு அப்படிப் பிரகாசமாக அதற்கு முன் இருந்ததே இல்லை. சுவரில் தன் கண்ணுக்கே தெரியாமல் இருந்த விரிசல்களை வீராயி அன்றைக்குத்தான் பார்த்தாள். மறுபடியும் செய்தி வந்தது. நிராகரிக்கப்பட்டது. காரணம்: வசிப்பதற்கான அறிகுறிகள் தெளிவாகத் தெரியவில்லை.

"ரெண்டு பேரு உக்காந்துகினு இருக்கோம். இன்னும் என்னா அறிகுறி?" என்று வீராயி கேட்டாள்.

சாமான் தெரியலையாம், அதுதான் அர்த்தம் என்றாள் மஞ்சு. அது உண்மைதான். அந்த வீட்டில் துணிமணி எல்லாம் மூட்டையாகக் கூரையில் தொங்கியது. பாத்திரம் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. படுக்கை சுருட்டி மூலையில் நின்றது. கீழே நடக்க இடம் வேண்டுமே.

மாதம் தேய்ந்துகொண்டு வந்தது. புல்டோசர்க்காரன் காலையில் சார்ஜரைச் செருக வரும்போதெல்லாம் வீராயி அவன் முகத்தைப் பார்ப்பாள். ஆர்டர் வந்ததா அண்ணா என்று இந்தியில் கேட்பாள். இன்னும் இல்லை அக்கா என்பான். அவள் டீ கொடுப்பாள். அவன் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். 

கிட்வாய் நகரில் அவள் வேலை செய்த வீடுகளில் ஒன்று ராஜகோபாலன் வீடு. ராஜகோபாலன் அதே இயக்ககத்தில் துணை இயக்குநர். அவர் மனைவி ஜ்யோத்ஸ்னா நல்ல மாதிரி. மற்ற வீடுகளையும் வீராயிக்குப் பிடித்துக் கொடுத்தது அவள்தான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே வீராயி விஷயத்தைச் சொன்னாள். சார் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள்.

"ஆபீஸ் விஷயத்தை அவர் ஆத்துக்குள்ள கொண்டுவரவே மாட்டார், வீராயி. பிரின்சிபிள்" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

ஆபீஸ் விஷயம் என்பதில் ஆபீஸ் காகிதம், ஆபீஸ் துண்டு, ஆபீஸ் கார் ஆகியவை சேராது. ராஜகோபாலன் கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். பக்கம் திரும்பவே இல்லை.

ஆனால் மகள் ஸ்ம்ருதிக்குக் கேட்டுவிட்டது. கல்லூரியில் படிக்கும் ஸ்ம்ருதி, தெருவோரப் பானிபூரி, சாட் கடைகளைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறவள். விலை உயர்ந்த போனும், அதை நிறுத்திவைக்க மடக்குக் கால் ஒன்றும், வட்ட விளக்கும் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். சொன்னபடி வந்தும் விட்டாள். சந்துக்குள் நுழைந்து, போனை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, ஃபிரேம் காலியா இருக்கு. குச் தோ ரக்கோ. ஏதாவது வைங்க."

ஏதாவது வைப்பது முத்துமாரி கேம்ப்புக்குப் புதிது இல்லை. அந்தச் சந்தில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், ஊரிலிருந்து சம்பந்தி வந்தாலும், எல்லார் வீட்டிலும் இருப்பதில் நல்லதாகப் பார்த்து அந்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். யாரும் கேட்கவே வேண்டாம், சாமான் தானாக வந்து சேரும். சாந்தகுமாரியின் ஃபிரிட்ஜ் வரும். அது குளிராது, உள்ளே துணி வைத்திருப்பாள். ஆனால் துடைத்தால் பளபளக்கும். ஜெயலட்சுமியின் மயில் போட்ட நீலப் படுக்கை விரிப்பு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக வீராயியின் சுவர்க்கடிகாரம் வரும். தங்க நிற வளையம், நடுவில் சிங்கமுகத்தோடு ஏதோ முத்திரை, கீழே இங்கிலீஷில் ஏதோ எழுத்து. ஜ்யோத்ஸ்னா போன தீபாவளிக்குக் கொடுத்தது. டிக்டிக் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று கொடுத்துவிட்டாள். அந்தக் கடிகாரம் வந்த பிறகு கேம்ப்பில் ஒரு வரனும் தட்டிப்போகவில்லை.

ஃபிரிட்ஜ் வந்தது. மயில் வந்தது. கடிகாரம் ஆணியில் இருந்தது. வீராயி முகம் கழுவி, மஞ்சுவின் சடங்குக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கையைக் கட்டி நின்றாள். ஸ்ம்ருதி எடுத்துக் காட்டினாள். சிறிய வீடுதான், ஆனால் யாரோ வசிக்கிற வீடு. வீராயிக்கே அங்கே போய்க் குடியிருக்கலாம் போல இருந்தது.

அதைப் பார்த்த சாந்தகுமாரி விடவில்லை. அவள் வீட்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஜெயலட்சுமி வீடு. காலையில் ஆரம்பித்தது பொழுது சாயும்வரை நடந்தது. ஃபிரிட்ஜை நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். முன்னால் மயில் விரிப்பு, பின்னால் கடிகாரம், நடுவில் ஃபிரிட்ஜ். சாமி ஊர்வலம்போல இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். புல்டோசர்க்காரனும் ஒரு தோள் கொடுத்தான்.

இரண்டே நாளில் ஐம்பது போனுக்கும் செய்தி வந்தது. காணொளி ஏற்கப்பட்டது. தரம்: மிகச் சிறப்பு. சந்து முழுக்கப் பாயசம். சுப்புகூட ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு, "இன்னும் இருக்குது" என்றான்.

மறுநாள் வீராயிக்கு மட்டும் இன்னொரு செய்தி வந்தது. விசாரணைக்கு நேரில் வரவும்.

வியாழக்கிழமை காலை ராஜகோபாலன் வீட்டில் காபி டம்ளரைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அங்கிருந்து நேராக இயக்ககத்துக்கு நடந்தாள். வாசலில் விஜயன் என்ற கிளார்க் அவளை அழைத்துக்கொண்டான். தமிழ்ப் பையன், களைத்த முகம். விசாரணை மூன்று கட்டமாக நடக்கும், மூன்றும் உயர்தெளிவில் பதிவாக வேண்டும், ஆபீஸில் கேமரா இல்லாததால் என் சொந்தப் போனில்தான் எடுக்கிறேன், சார்ஜ் தீர்வதற்குள் முடித்தால் நல்லது என்று ஒரே மூச்சில் சொன்னான்.

கீழ்த்தளத்தில் உதவி இயக்குநர் அறை. நாற்காலியில் துண்டு போட்டுக் கிழிசலை மறைத்திருந்தார்கள். பதிவு தொடங்குமுன் விஜயனும் பியூனும் எங்கிருந்தோ உயரமான கறுப்புத் தோல் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து போட்டார்கள். மேஜைமேல் துணி ரோஜா செருகிய பித்தளைச் சாடி வைத்தார்கள். பின்னால் தடித்த சட்டப் புத்தகங்களை அடுக்கினார்கள். அதிகாரி தலை சீவிக்கொண்டார். வீராயியின் பெயரைக் கேட்டார். பதிவு நின்றது. மேலே போகச் சொன்னார்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. விஜயன் தோல் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டான். பியூன் புத்தகங்களை எடுத்துக்கொண்டான். சாடி மிச்சம் இருந்தது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அதக் கொஞ்சம்…"

வீராயி சாடியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள்.

நடு மாடியில் துணை இயக்குநர் அறை. ராஜகோபாலன் தோல் நாற்காலியில் உட்கார்ந்தார். சாடியை அவள்தான் அவர் முன்னால் வைத்தாள். அவர் சாடியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். அவளைப் பார்க்காமல், "உமது பெயர்?" என்று கேட்டார்.

வீராயிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நாக்கு உலர்ந்து போயிருந்தது தெரிந்தது. ஏதோ கெட்டது காத்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. பெயரைச் சொன்னாள். மறுபடி நாற்காலி, புத்தகம், சாடி. மறுபடி படி.

மேல் மாடியில் சதுர்வேதியின் கூடம். ராட்சதத் திரை அங்கேதான் இருந்தது. திரையில் முத்துமாரி கேம்ப்பின் ஐம்பது வீடும் ஐம்பது கட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. வீராயி ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து பார்த்தாள். எல்லாரும் அழகாக இருந்தார்கள். சாந்தகுமாரி மூக்குத்திகூடத் தெரிந்தது.

சதுர்வேதி தோல் நாற்காலியில் அமர்ந்ததும், விதிகள் வாசிக்கப்பட்டன. வாக்குமூலம் கொடுப்பவர் தன் தாய்மொழியில்தான் பேச வேண்டும். மொழிபெயர்ப்பாளராகத் துணை இயக்குநர் ராஜகோபாலன் இருப்பார். எனக்கு இந்தி நன்றாகத் தெரியும் என்று வீராயி இந்தியில் சொன்னாள். அது தாய்மொழி இல்லை என்பதால் பதிவில் ஏறாது என்று சதுர்வேதி இந்தியில் சொன்னார். அதை ராஜகோபாலன் தமிழில் சொன்னார்.

சதுர்வேதி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். ஒரு குச்சியால் கட்டம் கட்டமாகத் தொட்டார். எல்லாக் கட்டத்திலும் கடிகாரம். முதல் கட்டத்தில் காலை எட்டு. அடுத்ததில் கொஞ்சம் நேரம் கழிந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் மாலை.

"பழைய காலத்து மங்கல் படமாக இருந்திருந்தால் இது தெரிந்திருக்குமா? இதுதான் உயர்தெளிவு" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. "ஒரே கடிகாரம். ஒரே விரிப்பு. ஒரே குளிர்பெட்டி. ஆகவே இது ஐம்பது வீடு இல்லை. ஐம்பது வாசல் உள்ள ஒரே வீடு. தலைநகரின் நடுவில், நீர்நிலை ஓரத்தில், ஐம்பது அறை. நான் முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவன். எனக்கே இப்படி ஒரு வீடு இல்லை. இதில் குடியிருப்பவரை ஏழை என்று நான் கையெழுத்துப் போட்டால், உண்மையான ஏழைகள் என்னை மன்னிப்பார்களா?"

கடிகாரம் முதலில் தென்படுவது வீராயியின் கதவுக்குள் என்பதால் அதுவே மாளிகையின் தலைவாசல் என்றும், அவளே உரிமையாளர் என்றும் தீர்மானித்திருந்தார்கள். மற்றவர்கள் அவள் வீட்டு உறுப்பினர்கள். உறுப்பினர்களுக்குத் தனி வீடு கிடையாது.

 வீராயிக்கு ஐம்பது பேரின் பாயசம் கண்முன் வந்தது. மெதுவாகத்தான் பேசினாள்.

"சார், எங்க சனங்க யாராச்சும் பாக்க வந்தா, இருக்கறதுல நல்லத எடுத்து வச்சுத்தான் காட்டுவோம். நீங்க பாக்கறீங்கன்னு சொன்னாங்க. அதான் வச்சோம்."

ராஜகோபாலன் தொண்டையைச் செருமினார். உடைமைகள் யாவும் ஒரே குடும்பத்தின் பொதுச் சொத்து என்று ஒப்புக்கொள்கிறார் என்று இந்தியில் சொன்னார்.

வீராயி அவரைத் திரும்பிப் பார்த்தாள். சதுர்வேதியின் குச்சி கடிகாரத்தின்மேல் நின்றது. திரையில் அது வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரிதாயிற்று. நடுவில் இருந்த முத்திரை, அந்தக் கூடத்தின் சுவரில் இருந்த அதே முத்திரை. கீழே இருந்த எழுத்தைச் சதுர்வேதி வாசித்தார். இயக்ககத்தின் வெள்ளி விழா நினைவாக, அதிகாரிகளுக்கு மட்டும்.

"இக்கடிகாரம் உமது உடைமைக்குள் எவ்வழியில் வந்து சேர்ந்தது என இயக்குநர் வினவுகிறார்" என்றார் ராஜகோபாலன். நெற்றியில் வியர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் ராஜகோபாலன் வீட்டு வேலை போயிற்று. ஜ்யோத்ஸ்னா பிடித்துக் கொடுத்த மற்ற வீடுகளும் சேர்ந்து போய்விடும். சொல்லாவிட்டால் திருட்டு. வீராயி அவருக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தாள்.

"ஒரு வீட்டம்மா ஆசையா குடுத்தாங்க சார். எந்த வீடுன்னு சாருக்கே தெரியும். நீங்களே சொல்லுங்க."

விஜயனின் போன் ஓடிக்கொண்டிருந்தது. ராஜகோபாலன் அதைப் பார்த்தார். பிறகு சதுர்வேதியைப் பார்த்தார்.

"பரம்பரையாக வந்தது என்கிறார்" என்றார்.

"நஹீ சாப்" என்று வீராயி ஆரம்பித்தாள். சதுர்வேதி உள்ளங்கையைக் காட்டினார். தாய்மொழி, தாய்மொழி என்று இரண்டு முறை சொன்னார். பரம்பரை என்ற சொல்லில் அவர் முகம் மலர்ந்திருந்தது. இயக்ககத்தோடு தலைமுறைத் தொடர்புள்ள குடும்பம் என்றால், விதிகள் தெரிந்தே மீறியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

வறுமையை இயக்ககம் எப்போதும் மதித்தே வந்திருக்கிறது, ஆனால் அது வறுமையாகத் தெரிய வேண்டும் என்று அவர் ஒரு முடிவுரை ஆற்றினார். பதிவுக்காக, கடைசியாகச் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார். ராஜகோபாலன் அதை மொழிபெயர்த்தார்.

வீராயி எதிரே பார்த்தாள். சதுர்வேதியின் பின்னால் தடித்த புத்தகங்கள். அடியில் கறுப்புத் தோல் நாற்காலி. மேஜைமேல் சாடியில், படியில் அவள் இடித்துக்கொண்டபோது மடங்கிய ஒரு துணி ரோஜா மடங்கியபடியே இருந்தது. அவளுக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் வந்தது.

"சார், கீழ ரூம்லயும் இதே நாற்காலி, இதே சாடி. நடு மாடிலயும் இதேதான். நான்தான் தூக்கியாந்தேன். அப்ப இந்த மொத்த ஆபீசுக்கும் ஒரே ஆபீசருதானுங்களா?"

விஜயன் போனுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். பியூன் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினான்.  திரையில் கடிகாரத்தின் நொடிமுள் மட்டும் நகர்ந்தது.

என்ன சொல்கிறாள் என்று சதுர்வேதி கேட்டார்.

ராஜகோபாலன் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். இயக்ககத்துக்கு நன்றி சொல்கிறார் என்றார்.

சதுர்வேதி கூச்சப்பட்டார். நம்மைப் புகழும் பகுதி பதிவில் இருந்தால் பின்னால் தணிக்கையில் ஆட்சேபம் வரும், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுங்கள் என்றார். விஜயன் அங்கேயே வெட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை புல்டோசர்க்காரன் வந்து தன் சார்ஜரைக் கழற்றிக்கொண்டான். வீராயி டீ நீட்டினாள். அவன் அன்றைக்கு வேண்டாம் என்றான். தலைவாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஆர்டரில் இருந்தது. மூட்டைகளையும் டிரங்குப் பெட்டியையும் வேதியியல் புத்தகத்தையும் மாரியம்மன் மேடைக்குக் கொண்டுபோனார்கள். கூரையை எடுத்த பிறகு, வீட்டுக்குள் போதிய வெளிச்சம் இருந்தது.